நாற்பத்தேழாம் நம்பர்

— மனுஷ குலத்துலயே, ஜனீன், ஒரு ஏரிக்கரைக் காட்டைப் பாத்த மாத்திரத்துல கேம்பிங் வண்டியை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லல. தகவலுக்குச் சொல்றேன்.

— சரி லோவல். குப்பைப் பையை அந்தக் கைக்கு மாத்திக்கோ. என் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே வருது.

— நிழல் எந்நேரம் எங்க விழும், அடுப்புப் புகை யார் மூஞ்சியில அடிக்கும், பக்கத்து வண்டிக்காரன் குறட்டை ரகமா கிடார் ரகமா, அத்தனையும் வரைபடத்தைப் பாத்தே சொல்லுவேன். சிலருக்குப் பாட்டு வரும். சிலருக்குக் கணக்கு வரும். எனக்கு இடம் வரும்.

— பெமிட்ஜி பக்கத்துல ஒரு இடம் வந்துச்சே. வண்டி ஒரு பக்கமா சரிஞ்சு, எங்கப்பா விடிய விடிய சுவத்தோட ஒட்டிக்கிட்டுத் தூங்கினாரே.

— காலையில எழுந்து என்ன சொன்னார்?

— 'மோசமில்ல'ன்னார்.

— அவ்வளவுதான். ஆர்விட் லிண்ட்குவிஸ்ட் வாயிலேர்ந்து 'மோசமில்ல'. இந்த மினசோட்டாவுல அதுக்கு மேல ஒரு பட்டம் கிடையாது. உன்னைக் கட்டிக்கறேன்னு போய் நின்னப்போ எனக்கு அதுகூடக் கிடைக்கல. 'பாக்கலாம்'னார். இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கார்.

— எறும்புப் புத்து மேல அவருக்கு நாற்காலி போட்டியே, அதுக்கும் 'மோசமில்ல'ன்னுதான் சொன்னார். சொறிஞ்சுக்கிட்டே சொன்னார்.

— அது இடத்தோட குத்தம் இல்ல. எறும்போட குத்தம். நான் சொல்றேன் கேளு. இருபத்திரண்டு கோடையா உங்க குடும்பத்துக்கு நான்தான் இடம் பாத்தேன். ஒரு முணுமுணுப்பு உண்டா? இந்த ஒரு வருஷம், உன் தங்கச்சி புருஷன் கிப் ஆசைப்படறானேன்னு விட்டுக் கொடுத்தேன்.

— நீ எங்க விட்டுக் கொடுத்த? ரோண்டா கேட்டா, நான் சரின்னேன். உனக்கு விஷயம் தெரிஞ்சதும் ரெண்டு நாள் கராஜை விட்டு வெளிய வரல.

— டயருக்குக் காத்தடிச்சேன்.

— ரெண்டு நாளா.

— நாலு டயர் ஜனீன். சரி, அதை விடு. அந்தக் கிப் புடிச்சிருக்கற இடத்தைப் பாரு. நாற்பத்தேழாம் நம்பர். அது இடமா? பூங்காவோட வாசப்படி. உள்ள வர்ற ஒவ்வொரு வண்டியும் அவன் காப்பிக் கோப்பையை உரசிக்கிட்டுத்தான் வருது. எவனாவது படகைத் தலையில தூக்கிக்கிட்டுப் போனாத்தான் இந்தப் பக்கம் ஏரின்னு ஒண்ணு இருக்கறதே அவனுக்குத் தெரியும். இவ்வளவு பைன் மரத்தை விட்டுட்டு ஒரு விளக்குக் கம்பத்தடியில போய்ப் படுத்திருக்கான்.

— நமக்கும் பக்கத்துலயே நாற்பத்தெட்டைப் புடிச்சு வச்சிருந்தான். நீதான் ஏரியைப் பாத்த இடம் வேணும்னு அந்தக் கோடிக்குப் போன. பன்னண்டுக்கு.

— ஏரி நம்ம படியைத் தொடுது.

— கொசுவும் தொடுது. காருக்குப் பின்னால மாட்டின டிரெய்லரை ரிவர்ஸ்ல அந்தச் சந்துக்குள்ள விடறதுக்குள்ள பொழுதே சாஞ்சு போச்சு. எதிர் வண்டிக்காரங்கல்லாம் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தாங்க. ஒரு அம்மா சோளப்பொரி கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாங்க.

— நீ 'இடது, இடது'ன்ன. யாரோட இடதுன்னு சொல்லல.

— கிப் நேரா ஓட்டிக்கிட்டு உள்ள போனான். நின்னான். இறங்கினான். முடிஞ்சுது.

— வீட்டையே உள்ள வச்ச பஸ் அது. பஸ்ஸை நேராத்தான் ஓட்டணும். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கற மெஷின், சுவரளவு டிவி, இத்தனையும் வச்சுக்கிட்டுக் காட்டுக்கு எதுக்கு வரணும்? அந்தக் கூடாரக் கூரை இருக்கே, பட்டனைத் தட்டினா அதுவா நீளுது. அதுக்கடியில கலர் கலரா விளக்கு. நீலம், பச்சை, அப்புறம் ஒரு மாதிரி ஊதா, அதுலேர்ந்து திரும்ப நீலம். நான் கவனிக்கக்கூட இல்ல.

— லோவல், உனக்குப் பிரச்சனை இடமா, எங்கப்பாவா?

— உங்கப்பா அந்த நாற்பத்தேழுல நாற்காலியைப் போட்டார். காலை நீட்டினார். அந்தப் பக்கம் பாத்தார், இந்தப் பக்கம் பாத்தார். அப்புறம் என்ன சொன்னார்? நீயும்தான் இருந்த.

— 'இங்க இருக்கலாம்'னார்.

— 'இங்க இருக்கலாம்.' அவர் வாயில அப்படி ஒரு வார்த்தை இருக்குன்னே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அந்த டெக்ஸஸ்காரனுக்கு முதல் சாயங்காலமே கிடைச்சுடுச்சு. அதோட விட்டாரா? நம்ம வண்டிக்குள்ள வந்தார், தலையணையை எடுத்தார், கக்கத்துல வச்சார், போயிட்டார்.

— அங்க நிஜக் கட்டில் இருக்கு. நம்ம வண்டியில சாப்பாட்டு மேசையை மடிச்சுப் போட்டு அது மேல படுக்கணும். அவருக்கு எழுபத்தொன்பது வயசு.

— பின்னாலயே போய் 'மாமா, போர்வை வேணுமா'ன்னு கேட்டேன். 'அங்க இருக்கு'ன்னுட்டார். திரும்பிக்கூடப் பாக்கல.

— பொறாமையில வெந்துக்கிட்டிருக்க நீ.

— பொறாமை எனக்கில்ல. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. உங்கம்மா தவறின அந்தக் கோடையில யார் முதல்ல யோசிச்சது? 'இவரை வீட்டுல தனியா விடக்கூடாது, ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும்'னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் அவர் வாசல்ல நின்னது யார்? கிப்பா? அப்ப கிப் டெக்ஸஸ்ல மாட்டுக்குப் பின்னால நடந்துக்கிட்டிருந்தான்.

— பல் டாக்டர் அவன்.

— ஏதோ ஒண்ணு.

— நீ செஞ்சது பெரிய விஷயம்தான். நான் இல்லன்னு சொல்லல. அதனாலதான் நானும் வருஷா வருஷம் வாயைத் திறக்காம வர்றேன்.

— வாயைத் திறந்தா?

— எனக்குக் கொசுக்கடி ஆசையா லோவல்? ஈரத் துண்டு, மண் ஒட்டின செருப்பு, வரிசையில நின்னு குளியல். ரோண்டாவும் அப்படித்தான். அப்பாவுக்கு இது ஒண்ணுதான் சந்தோஷம்னு ரெண்டு பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றோம். அவர் இருக்கற வரைக்கும் வருவோம். சரி, அதை விடு, இதை அவர்கிட்ட உளறிடாத.

— நான் எதுக்குச் சொல்றேன். ஆனா இதை மட்டும் கேட்டுக்கோ. கிப் அந்த இடத்தை எப்படிப் பாத்தான் தெரியுமா? பாக்கவே இல்ல. பூங்கா ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கான். போனை எடுத்த பொண்ணுகிட்ட, 'நீங்களே சொல்லுங்கம்மா, எது நல்லா இருக்கும்'னு கேட்டிருக்கான். அந்தப் பொண்ணு ஒரு நம்பரைச் சொல்லியிருக்கு. இவன் சரின்னுட்டான். கேட்டிருக்கான் ஜனீன். முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணுகிட்ட. வெட்கமே இல்லாம, எல்லார் முன்னாலயும் அதைச் சொல்லிச் சிரிக்கறான்.

— கேட்டா என்ன?

— கேட்டு வாங்கினா அது சந்தைக்கடை. இடம் பாக்கறதுங்கறது வேற. எனக்கு யார்கிட்டயும் இடம் கேக்கற நிலைமை இதுவரைக்கும் வந்ததில்ல. வரவும் வராது. எழுதி வச்சுக்கோ.

— குப்பைத் தொட்டி வந்தாச்சு. கரடி திறக்காம இருக்கப் போட்ட தாழ்ப்பாள் அது, அழுத்தி இழு. அடுத்த வருஷத்துப் பேச்சு இதுக்கப்புறம் வேணாம். அப்பாவுக்கு எண்பது. துலூத்லேர்ந்தும் ஃபார்கோலேர்ந்தும் எல்லாரும் வருவாங்க. யார் இடம் பாக்கறதுன்னு நாளைக்குக் காலையில, சாப்பாட்டு நேரத்துல தானே சொல்றேன்னுட்டார். அவர் யார் பேரைச் சொன்னாலும் நீ தலையாட்டணும்.

— கிப் பேரைச் சொன்னா?

— அப்பவும் தலையாட்டணும்.

— சொந்தக்காரங்க அத்தனை பேரும் வர்ற வருஷத்துக்கு, வாசப்படியில படுத்தவன் பேரு. நான் இந்தக் குடும்பத்துல வேற எதுக்கு இருக்கேன் ஜனீன்? மீன் புடிக்கத் தெரியாது. சீட்டாடத் தெரியாது. உங்க மாமா பசங்க மாதிரி என்ஜினைப் பிரிச்சுப் போடத் தெரியாது. 'லோவலா, அவன் நல்லா இடம் பாப்பான்'. அவ்வளவுதான் என்னைப் பத்தி உங்க வீட்டுல சொல்ற வாக்கியம். அதையும் எடுத்துட்டா, 'லோவலா'ன்னுட்டு நிறுத்திடுவாங்க.

— தாழ்ப்பாளை இழு லோவல்.

*

— வா சகலை, வா. இந்த நாற்காலியில உக்காரு. முதுகுக்குச் சூடு வரும். கைப்பிடிக்குக் கீழ பட்டன்.

— வேணாம் கிப். குப்பை போட வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்.

— ஜனீன் எங்க?

— ரோண்டாவோட குளிக்கப் போனா. மாமா?

— உள்ள படுத்துட்டார். வெளிச்சம் இருக்கும்போதே படுத்துடறார். என்ன ஒரு நிம்மதி அவர் முகத்துல. ரோண்டா எலுமிச்சைக் கேக் பண்ணியிருக்கா, எடுத்துக்கோ.

— ஐயோ, வேணாம். இப்பதான் சாப்ட்டேன்.

— ஒண்ணே ஒண்ணு.

— இல்ல இல்ல, பரவாயில்ல.

— சரி.

— மூடிட்டியா?

— ஈ வரும்.

— இல்ல, சரிதான். உங்க ஊர்ல ரெண்டு தரம்தான் கேப்பாங்களா?

— எங்க ஊர்ல ஒரு தரம்தான் சகலை. இன்னொரு தரம் கேட்டது உங்க ஊருக்காக.

— இங்க மூணாவது தரம் கேட்டாத்தான் அது கேட்டதா அர்த்தம். முதல் ரெண்டு தரம் வேணாங்கறது ஒரு மரியாதை. மூணாவதுக்கு எல்லாரும் சரின்னுடுவாங்க.

— நிஜமாவே வேணாம்னா?

— அது... அப்படி யாருக்கும் வந்ததில்ல.

— ஓ. அப்ப எலுமிச்சைக் கேக் வேணுமா?

— வேணாம். இப்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். விடு. மாமாவுக்கு இங்க சௌகரியமா?

— சௌகரியமாவா? நேத்து சாயங்காலம் என்கிட்ட எவ்வளவு பேசினார் தெரியுமா?

— மாமாவா? பேசினாரா?

— நிறுத்தல. வாசல் கேட்டைக் காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேட்டார். இங்கேர்ந்து நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், டேங்க்ல டீசல் இருக்கா, இந்த வண்டியை எடுக்கணும்னா முதல்ல எதையெதைக் கழட்டணும், எல்லாம் கேட்டார். கரண்ட் வயரைக் கழட்டி மாட்டிக்கூடப் பாத்தார். என் வண்டி மேல அவருக்கு அப்படி ஒரு ஈடுபாடு.

— என் வண்டியைப் பத்தி அவர் ஒரு கேள்வி கேட்டதில்ல.

— உன்னோடது சாதாரண டிரெய்லர்தான சகலை, அதுல கேக்க என்ன இருக்கு. தப்பா எடுத்துக்காத.

— எடுத்துக்கல.

— நீதான இடம் பாக்கறதுல கில்லாடி. ரோண்டா உன்னைப் பத்தி அப்படித்தான் சொல்லுவா. எனக்கு அந்தக் கண்ணெல்லாம் கிடையாது. போன் பண்ணேன், கேட்டேன், சொன்னாங்க, போட்டேன். சிம்பிள். அடுத்த வருஷமும் மாமா என்னையே பாக்கச் சொன்னா மறுபடி போன் பண்ணுவேன்.

— உன்னையே சொல்றேன்னாரா?

— சொல்லல. ஆனா என் தோள்ல கை வச்சார்.

— கையா?

— இப்படி. கொஞ்ச நேரம்.

— எனக்கு என் கல்யாணத்தன்னிக்குக் கை குலுக்கினார். அதுவும் கையுறையோட. ஜனவரியில நடந்த கல்யாணம்னு வையி. ஆனாலும்.

— உனக்கு மனசுல ஏதோ இருக்கு சகலை. இப்படிச் சுத்திச் சுத்தி வர்றதுக்கு அவரையே நேராக் கேட்டுடேன். 'மாமா, உங்களுக்கு எந்த மாதிரி இடம் புடிக்கும்'னு.

— ஆர்விட் லிண்ட்குவிஸ்ட்கிட்டயா? அந்த மனுஷன் 'எனக்கு இது வேணும்'னு சொல்லி யாராவது கேட்டிருக்காங்களா? அவர்கிட்டல்லாம் கேக்கக் கூடாது கிப். பாத்துத் தெரிஞ்சுக்கணும். நான் அவரை இருபத்திரண்டு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். அவர் புருவத்தைத் தூக்கினா அது எந்த மரத்துக்குன்னு சொல்லுவேன்.

— நான் கேட்டுடுவேன்பா. சிம்பிள்.

— அதான் தெரியுதே.

— எலுமிச்சைக் கேக்?

— வேணாம்.

*

— யாரு, மாப்ளையா? இவ்வளவு காலையில?

— தூக்கம் வரல மாமா. நீங்களும் எழுந்துட்டீங்க.

— நான் எப்பவும் எழுந்துடுவேன். கிப்பும் ரோண்டாவும் தூங்கறாங்க. காப்பி?

— வேணாம் மாமா.

— கொஞ்சம்?

— இல்ல, உங்களுக்குப் போதாது.

— பிளாஸ்க் நிறைய இருக்கு.

— அப்ப கொடுங்க.

— ம்ம்.

— இங்கேர்ந்து ஏரி தெரியல பாருங்க. எங்க பன்னண்டுல இந்நேரம் தண்ணி மேல பனி போகும். லூன் பறவை ரெண்டு வந்து கத்தும்.

— ம்ம். மோசமில்ல.

— இந்த இடத்துக்கு 'இங்க இருக்கலாம்'னீங்க.

— சொன்னேனா?

— சொன்னீங்க மாமா. நாற்காலியில உக்காந்து, காலை நீட்டிச் சொன்னீங்க. நான் அதைத்தான் மூணு நாளா மென்னுக்கிட்டிருக்கேன். சரி, நேராவே கேட்டுடறேன். நான் இப்படியெல்லாம் கேக்கற ஆள் இல்ல, உங்களுக்கே தெரியும். உங்களுக்கு எந்த மாதிரி இடம் புடிக்கும்?

— எனக்கா?

— ஆமா. உங்களுக்கு.

— இதை யாரும் கேட்டதில்ல.

— அதான் கேக்கறேன்.

— நிஜமாச் சொல்லணுமா?

— சொல்லுங்க.

— வீடு.

— எந்த வீடு?

— என் வீடு. என் கட்டில். எனக்கு இந்தக் கேம்பிங்கே புடிக்காது மாப்ள.

— புடிக்காதா?

— அவ்வளவாப் புடிக்காது.

— அவ்வளவான்னா?

— கொஞ்சம்கூடப் புடிக்காது. முதுகு வலிக்கும். ராத்திரி ஒண்ணுக்குப் போகணும்னா கையில விளக்கோட, கரடியை நினைச்சுக்கிட்டே அவ்வளவு தூரம் நடக்கணும். அப்புறம் இந்த ஏரி. என் வீட்டு ஜன்னல்லேர்ந்தே ஏரி தெரியுமே. ஒரு ஏரியை விட்டுட்டு இன்னொரு ஏரியைப் பாக்க இவ்வளவு தூரம் எதுக்கு வர்றோம்னு நானும் யோசிச்சிருக்கேன். உங்களுக்கெல்லாம் ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.

— அப்ப இந்த நாற்பத்தேழு?

— இங்க உக்காந்தா வாசல் தெரியுது. வீட்டுக்குப் போற ரோடு தெரியுது. அதான் சொன்னேன், இங்க இருக்கலாம்னு. மத்த இடத்துலயெல்லாம் எந்தப் பக்கம் போனா வெளியன்னே தெரியாது. நீ காட்டுக்குள்ள ரொம்ப உள்ள கொண்டுபோய் விடுவ.

— இருபத்திரண்டு வருஷமா ஏன் மாமா சொல்லல?

— சொன்னேனே.

— எப்ப?

— எல்சா தவறின அந்த வருஷம். நீ வண்டியோட வந்து வாசல்ல நின்ன. 'வாங்க மாமா, போலாம்'ன. நான் வேணாம்னேன்.

— நான் மறுபடி கேட்டேன்.

— நானும் மறுபடி வேணாம்னேன்.

— மூணாவது தரம்...

— கேட்டுட்ட. அதுக்கப்புறம் என்ன பண்றது? சரின்னேன். வண்டியில ஏறினேன்.

— அது நிஜ வேணாமா மாமா? ரெண்டும்?

— ரெண்டும் நிஜம். எங்கப்பா நாலு தரம் வேணாம்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்ல. நீ வேற கண்ணு கலங்கி நின்னுக்கிட்டிருந்த. சின்ன வயசு. நான் வரலன்னா உன்னை யார் பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்.

— நான் உங்களைப் பாத்துக்கணும்னு வந்தேன்.

— ம்ம். தெரியும். காப்பி ஆறுது.

— நான் பாத்த இடத்துல ஒண்ணுகூடவா நல்லா இல்ல?

— மோசமில்ல. எல்லாமே மோசமில்ல. அந்தச் சரிஞ்ச இடத்துல கூட, நீ ராத்திரி ரெண்டு தரம் எழுந்து வந்து எனக்குப் போர்வையை இழுத்து விட்ட. தூங்கற மாதிரி இருந்தேன்.

— இந்த வருஷம் தலையணையை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே.

— கட்டில் இருக்குன்னாங்க மாப்ள. மேசை மேல இருபத்திரண்டு வருஷம் படுத்தவன் கட்டில்னு கேட்டா என்ன பண்ணுவான்?

— கிப் தோள்ல கை வச்சீங்களாமே.

— ராத்திரி அந்தப் படியில இறங்கறப்போ கால் தடுமாறுச்சு. புடிச்சுக்க வேற ஒண்ணும் இல்ல.

— அதை அவன்கிட்ட சொல்ல வேணாம் மாமா. பாவம். நம்பிக்கிட்டிருக்கான்.

— சொல்லல. இப்ப நான் ஒண்ணு கேக்கவா? சாப்பிடறப்போ உன் பேரைத்தான் சொல்லப் போறேன். அடுத்த வருஷம் நீயே பாரு. கேட்டவன் நீதான.

— என் பேரா?

— உன் பேருதான். எல்லாரும் வர்ற வருஷம், நீ பாத்தா நல்லா இருக்கும். ஆனா அதுக்கு முன்னால நிஜத்தைச் சொல்லிடு. நான் இவ்வளவு வருஷமா வாயை மூடிக்கிட்டு வர்றது பொண்ணுங்களுக்காகத்தான். ஜனீனுக்கும் ரோண்டாவுக்கும் இந்த நாலு நாள்னா உயிர்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அதுங்களுக்கு அவ்வளவா இல்லன்னா இப்பவே சொல்லிடு மாப்ள. இதோட நிறுத்திக்கலாம். எண்பதை என் வீட்டுக் கூடத்துலயே கேக் வெட்டிக் கொண்டாடலாம். இடமும் பாக்க வேணாம், ஒண்ணும் வேணாம்.

— இடமே பாக்க வேணாமா?

— வேணாம்தான. வீடு எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

— யாரும் பாக்க வேணாம்.

— யாரும் வேணாம். என்ன யோசிக்கற? ஜனீன் ஏதாவது சொன்னாளா?

— ஜனீனா?

— ம்ம்.

— உயிர் மாமா. ரெண்டு பேருக்கும். வருஷம் பூரா இதையே பேசிக்கிட்டிருப்பாங்க.

— அப்படியா.

— அதுலயும் அந்தக் கொசு, ஈரம், வரிசையில நின்னு குளிக்கறது, அதெல்லாம் ஜனீனுக்கு ரொம்ப இஷ்டம்.

— சரி. அப்ப வர்றேன். எனக்கென்ன, இன்னும் கொஞ்ச வருஷம். உனக்கு இன்னொரு வாய் காப்பி?

— வேணாம் மாமா.

— கொஞ்சம்?

— வேணாம்.

— ம்ம். மூணாவது தரம் நான் கேக்கல. நீ எந்த மாதிரி வேணாம்னு சொன்னன்னு எனக்குப் புரியல.

*

— வணக்கம், பூங்கா முன்பதிவு. சொல்லுங்க சார்.

— ஹலோ. கொஞ்சம் மெதுவாப் பேசறேம்மா. கேக்குதா?

— லேசாக் கேக்குது. ஏதோ சத்தம் வருதே சார்.

— வண்டிக் கூரையிலேர்ந்து பனி சரியுது. வீட்டுக்குப் பின்னால என் டிரெய்லருக்குள்ள உக்காந்து பேசறேன். வீட்டுல இருந்து பேசினா என் மனைவிக்குக் கேக்கும்.

— சரி சார். எந்த வாரத்துக்கு வேணும்?

— ஜூலை. எங்க மாமனாருக்கு எண்பதாவது பிறந்த நாள். இந்தத் தடவை இடம் பாக்கற பொறுப்பு என்னோடது. போன கோடையிலயே எல்லார் முன்னாலயும் என் பேரைச் சொன்னார். என் சகலையும் அங்கதான் இருந்தான். கை தட்டினான்.

— ரொம்பச் சந்தோஷம் சார். ஏரியைப் பாத்த இடம் நாலு காலியா இருக்கு. பன்னண்டாம் நம்பர் ரொம்ப அழகு. காலையில பறவையெல்லாம் வரும்.

— வேணாம். அந்த நாற்பத்தேழு இருக்கா?

— அது போயிடுச்சு சார். காலையில திறந்த உடனே ஒருத்தர் போன் பண்ணி எடுத்துட்டார். டெக்ஸஸ் ஆள் மாதிரி பேசினார்.

— நான்தான் இடம் பாக்கறேன்னு முடிவாயிடுச்சே. அவன் எதுக்கு?

— அது தெரியாது சார். மாமாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொன்னார்.

— அப்ப நாற்பத்தேழை விட வாசலுக்குப் பக்கமா ஒண்ணு கொடுங்க.

— நாற்பத்தாறு இருக்கு. ஆனா நேரா சாக்கடைத் தொட்டியைப் பாத்த மாதிரி இருக்கும். அதை யாரும் கேக்க மாட்டாங்க.

— அதுக்கும் பக்கமா?

— அதுக்கும் பக்கம்னா ரோடு சார்.

— ரோட்டுல கரண்ட் இருக்கா?

— இல்ல சார். சார்? இருக்கீங்களா?

— இருக்கேன். நீங்களே சொல்லுங்கம்மா, எது நல்லா இருக்கும்?